துடுப்பும் எட்டுத் தங்கமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒலிம்பிக்கில் கயாக் என்றும் கனூ என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?
(ஒரு மாணவர், திருச்சி)

இல்லை. கயாக்கில் உட்கார்ந்து, இரு முனையிலும் தகடு உள்ள துடுப்பால் இடமும் வலமுமாக வலிப்பார்கள். கனூ வேகப் பந்தயத்தில் ஒரு காலை மண்டியிட்டு, ஒற்றைத் தகடு துடுப்பால் ஒரே பக்கம் வலிப்பார்கள். இரண்டிலும் முகம் முன்னோக்கித்தான் இருக்கும்.

கேள்வி: இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகும் ஒலிம்பிக் தங்கம் வென்ற கயாக் வீராங்கனை ஒருவரைப் பற்றி எழுதுங்களேன்.
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பிர்கிட் ஃபிஷரைத்தான் கேட்கிறீர்கள். 2004 ஆகஸ்டில் நான் ஒரு நாளிதழின் இரவுப் பணியில் இருந்தேன். ஏதென்ஸ் முடிவுகளில் ஒரு பெயருக்கு எதிரே வயது 42 என்று இருந்தது. பிழையாக இருக்கும் என்று பழைய பட்டியல்களைத் தேடினேன். 1980 மாஸ்கோவில் ஒற்றையர் தங்கத்துக்கு எதிரேயும் அதே பெயர், அப்போது வயது 18. அன்றிரவு பிடித்த வியப்பு இன்னும் விடவில்லை.

கிழக்கு ஜெர்மனியில், ஹாவெல் ஆற்றங்கரையில் உள்ள பிராண்டன்பர்க் நகரத்துப் பெண். 1983 உலகப் போட்டியில் பெண்களுக்கான மூன்று பந்தயங்களிலும் தங்கம் வென்றார். மறுவருடம் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கை அவருடைய நாடு புறக்கணித்தது. உச்சத்தில் இருந்த 22 வயதில், கையில் இருந்த வாய்ப்பு போய்விட்டது. 1986-ல் மகன் பிறந்தான். அடுத்த ஆண்டே மறுபடியும் உலகத் தங்கம். 1988 சியோலில் திருமணப் பெயரான ஷ்மிட் என்ற பெயரில் இரண்டு தங்கம் வென்றார். ஒற்றையர் பந்தயத்தில் மட்டும் பல்கேரியாவின் வான்யா கெஷெவாவிடம் நூலிழையில் தோற்றார்.

1989-ல் மகள் பிறந்தாள். அதே ஆண்டில் பெர்லின் சுவர் விழுந்தது, பிறகு அவர் ஆடிய நாடே இல்லாமல் போனது. 1992 பார்சிலோனாவுக்கு ஒன்றுபட்ட ஜெர்மனிக்காக, இரண்டு குழந்தைகளின் தாயாக வந்தார். 500 மீட்டர் ஒற்றையர் தங்கத்தை மீட்டார்.

அட்லாண்டா, சிட்னி எல்லாம் தங்கத்தோடுதான் முடிந்தன. ஆனால் எனக்குப் பிடித்தது ஏதென்ஸ் நால்வர் பந்தயம். முன்னால் இருப்பவரின் தாளத்துக்கு மற்ற மூவரும் ஒரே நொடியில் துடுப்பை நீரில் இறக்க வேண்டும். ஒருவர் பிசகினாலும் படகு தடுமாறும். அந்தப் படகில் இருந்த கரோலின் லெயோன்ஹார்ட் 1984-ல் பிறந்தவர். ஃபிஷர் முதல் தங்கம் வென்றபோது அவர் பிறக்கவே இல்லை! இருவரும் ஒரே தாளத்தில் வலித்து ஹங்கேரியை முந்தினார்கள். ஆறு ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம், நான்கு வெள்ளி. நீங்கள் கேட்டது தாய்மைக்குப் பிறகு என்றால், அந்த எட்டில் ஏழு மகன் பிறந்த பிறகு வந்தவை.

கேள்வி: நியூசிலாந்தின் லிசா கேரிங்டனும் எட்டுத் தங்கம் வென்றுவிட்டாரே, யார் பெரியவர்?
(ஒரு வாசகர், மதுரை)

கேரிங்டன் டோக்கியோவில் மூன்று, பாரிஸில் மூன்று என்று அள்ளியவர். அந்த வேகம் ஃபிஷரிடமும் இருந்ததா என்று ஒப்பிட முடியாது. கேரிங்டனின் எட்டில் மூன்று, 200 மீட்டர் ஒற்றையரில் வந்தவை. ஃபிஷர் காலத்து ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 500 மீட்டர் மட்டும்தான். அப்புறம், அந்த 1984 இருக்கிறது. என் ஓட்டு ஃபிஷருக்கே.