வாக்குத்தத்த அட்டையும் வற்றுகிற கிணறும்

(வாசகர் கேள்விகளுக்கு ஏற்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர் ஒருவரின் பதில்கள்)

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவோடு கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். வயது 29. ஏற்காட்டில் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்த ஆசை. உபவாசமிருந்து ஜெபித்தேன். புத்தாண்டு ஆராதனையில் வேத வசனம் அச்சிட்டுக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில், எனக்கு வந்ததில் ‘இந்த மலைநாட்டை எனக்குத் தாரும்’ என்றிருந்தது. நண்பர்கள் எல்லோரும், “கர்த்தர் பேசிவிட்டார், அப்புறம் என்ன?” என்கிறார்கள். அப்பாவும் எங்கள் ஆயரும் மட்டும், “பொறு, தெரிந்தவர்களிடம் கேள்” என்கிறார்கள். கர்த்தர் பேசிய பிறகு மனுஷரிடம் கேட்பது அவிசுவாசம் ஆகாதா?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முற்றத்தில் நின்றால் பனி எப்படி இறங்குகிறது, பெயர்ப் பலகைக்கு என்ன நிறம், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். குத்தகை எவ்வளவு, எத்தனை வருஷம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி இல்லை. முப்பது வருஷம் செக்ரோல், அதாவது எஸ்டேட் ஆட்களின் வருகைப் பதிவேடு, எழுதினவன் நான். எழுதாமல் விட்ட கட்டம்தான் முதலில் கண்ணில் படும்.

அந்த வசனம் யோசுவா 14ஆம் அதிகாரத்தில் காலேப் சொன்னது. அப்போது அவருக்கு வயது 85. நாற்பது வயதில் மோசே அனுப்பி வேவு பார்க்கப் போய், அந்தக் கானான் தேசத்தைக் காலால் நடந்து பார்த்தவர். அங்கே ஏனாக்கியர் என்கிற இராட்சதர் இருக்கிறார்கள், பட்டணங்கள் அரணானவை என்பதை, கேட்கிற அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். நீங்கள் எத்தனை தடவை மேலே வந்து பார்த்தீர்கள்? உபாகமம் 2இல் மலைநாட்டைச் சுற்றித் திரிந்தது போதும் என்றும் ஒரு வசனம் உண்டு. அந்த அட்டை எனக்கு வந்திருந்தால், பெட்டியைக் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலத்துக்கு வந்திருக்க வேண்டுமா? கேலி செய்யவில்லை. என் வேதாகமத்துக்குள்ளும் நாலைந்து அட்டை கிடக்கின்றன.

அவிசுவாசம் என்கிறீர்களே, முட்செடியில் கர்த்தருடைய குரலைக் கேட்ட மோசேயே, ஜனங்களின் வழக்குகளைத் தீர்க்கத் தலைவர்களை வை என்று மாமனார் எத்திரோ சொன்னபடியெல்லாம் செய்தார். எத்திரோ மீதியானின் ஆசாரியன், இஸ்ரவேலன்கூட இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். கல்யாணமான மறு வருஷம் நாகலூர் பக்கம் இரண்டு ஏக்கர் காப்பிக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தேன். யாரிடமும் கேட்காமல் இல்லை. காட்டுக்காரரிடம் கேட்டேன், தரகரிடம் கேட்டேன், கூட ஊர் சுற்றுகிற இரண்டு பேரிடம் கேட்டேன். எங்கள் எஸ்டேட்டில் பழம் பறிக்கிற பாட்டி ஒருவர் மட்டும், நான் கேட்காமலே, கூடையை இறக்கி வைத்துவிட்டு, “ரைட்டரே, மாசி பொறந்தா அந்தக் கிணத்துல தரை தெரியும்” என்றார். நான் சிரித்தேன். பி.காம். படித்தவனுக்குப் பழம் பறிக்கிறவர் கிணற்றைப் பற்றிச் சொல்வதா? வீட்டில் மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

அந்த மார்ச்சில் பூமழை பெய்யவில்லை. காப்பிக்கு அந்த மழை விழுந்தால்தான் மொட்டு விரியும். ஒரு வாரம் பத்து நாளில் காடே வெள்ளையாகி மல்லிகை மாதிரி மணக்கும். சரி, தண்ணீர் தெளிப்போம் என்று ஸ்பிரிங்க்ளர் வாடகைக்கு எடுத்து வந்து கிணற்றில் குழாயை இறக்கினால், அடியில் ஒரு குடம் தண்ணீரும் இரண்டு தவளையும். மொட்டெல்லாம் பழுப்பாகிக் காய்ந்தது. மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. பாட்டி அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

இஸ்ரவேலின் ராஜா ஆகாபும் யுத்தத்துக்கு முன்னால் ஆலோசனை கேட்டவன்தான். ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ‘போம்’ என்றார்கள். இன்னும் யாராவது உண்டா என்று கூட வந்த யூதாவின் ராஜா யோசபாத் கேட்டபோதுதான் ஆகாப், மிகாயா என்று ஒருவன் உண்டு, ஆனால் அவன் எனக்கு நல்லதாகச் சொல்லவே மாட்டான், அவனைப் பகைக்கிறேன் என்கிறான். உங்கள் அப்பாவை எந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

மார்ச் கடைசியில் ஒரு புதன்கிழமை மேலே வாருங்கள். சனிக்கிழமை வேண்டாம், கோடை விழா சமயம் வேண்டவே வேண்டாம். டேங்கர் லாரி ஓட்டுகிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அந்தத் தெருவுக்கு வாரம் எத்தனை நடை அடிக்கிறார் என்று கேளுங்கள். பக்கத்து ஹோம்ஸ்டேயில் அறை சுத்தம் செய்கிற அக்காவிடம், வார நாளில் எத்தனை படுக்கைக்கு விரிப்பு மாற்றுகிறார் என்று கேளுங்கள். அப்புறம் அப்பாவிடம் போங்கள். டச், அதாவது சுத்தம், பார்க்காமல் வெள்ளி வாங்காத மனுஷர் அவர். கணக்கை முன்னால் வைத்துவிட்டு, அவர் பேசி முடிக்கிறவரை வாயைத் திறக்காதீர்கள். கடிதத்தின் கடைசியில் பொடி எழுத்தில், டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். ஆயரிடம் போகும்போதும் அட்டையோடு கணக்கையும் எடுத்துப் போங்கள். எல்லாம் கேட்ட பிறகு அவர்களே ‘செய்’ என்று சொன்னாலும் சொல்லலாம்.

கேள்வி: எங்கள் சபைப் பெண்கள் என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, அப்புறம் தங்கள் இஷ்டப்படியே செய்கிறார்கள். கோபமாக வருகிறது. என்ன செய்ய? (ஒரு வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: மேலே சொன்ன எத்திரோவையே பாருங்கள், அம்மா. ‘தேவனும் அப்படிக் கட்டளையிட்டால்’ என்று சேர்த்துத்தான் சொன்னார். அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தில் தன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். பத்துப் பேருக்கு ஒரு தலைவரை மருமகன் சரியாக வைத்தாரா என்று எண்ணிப் பார்க்க நிற்கவில்லை. எனக்கு இது இன்னும் வரவில்லை. நான் சொன்ன மோட்டாரை விட்டுவிட்டு என் மருமகன் வேறொன்று வாங்கினார். மூன்று நாள் அவர் போனை எடுக்கவில்லை நான்.