பையும் முதுகும் ஒரே மாதிரி கேட்கிறதா?

போலந்தின் வார்சாவில் உங்களிடம் படிக்கும் பயிற்சி ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் பைக்கும் (bag) முதுகுக்கும் (back) ஒரே 'பேக்' சொல்கிறார்கள், கடைசி ஒலியை அழுத்தச் சொல்லியும் திருந்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அழுத்தச் சொன்னதுதான் வினை. அழுத்தினால் 'பேகு' என்று வால் முளைக்கும் (நம்மவர்களுக்கும் இது வரும்).

போலிஷில் சொல்லின் இறுதியில் அதிர்வொலி (g, d போலக் குரல்நாண் அதிரும் மெய்) நிற்காது; அங்கே பூனையும் (kot) 'கொட்', குறியீடும் (kod) 'கொட்'. எனவே மெய்யை விடுங்கள், அதற்கு முந்தைய உயிரைப் பிடியுங்கள். ஆங்கிலேயர் காது பெரும்பாலும் உயிரின் நீளத்தை வைத்தே பிரிக்கிறது: பைக்கு நீட்டு, முதுகுக்கு வெட்டு. பதிவுசெய்து பிராட் (Praat) என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து பாருங்கள், இலவசம்தான். நீளம் மில்லிசெகண்டில் தெரியும். கண்ணால் பார்த்ததும் பாதிப் பேர் திருத்திக்கொள்வார்கள்.

பிறகு சொல்லின் பின்னால் 'இஸ்' (is) சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். யார் எந்த ஊர் என்று இங்கே கேட்டாக வேண்டும். வார்சா வழக்கில் அதிர்வு இங்கும் போய்விடும். கிராக்கோவ், போஸ்னான் வழக்கு தலைகீழ்: உயிருக்கு முன் முதுகே பையாகிவிடும். இந்த வழக்குக்காரர்கள் 'பேக்' (back) சொல்லி அரை நொடி நிறுத்தி 'இஸ்' சொல்லட்டும். இடைவெளியை மெல்லக் குறையுங்கள்.