பண்ணையை ஈடு வைத்த அமெரிக்கர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குடியேறுவோருக்கு அரசு நிலம் தரும் 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் இலவசமாகக் கிடைத்ததே, பிறகு ஏன் அடமானம்?

இலவசம் நிலத்துக்கு மட்டும். மாடு, கலப்பை, விதை, கிணறு, வேலி எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். ஐந்து வருடம் குடியிருந்து உழுதால்தான் பட்டா. அதற்கு முன் பட்ட கடனுக்காக அந்த நிலத்தை ஜப்தி செய்யச் சட்டம் இடம் தரவில்லை. ஆறு மாதம் குடியிருந்தபின் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி, முன்னதாகவே பட்டா வாங்கவும் வழி இருந்தது. 160 ஏக்கருக்கு 200 டாலர். அந்தத் தொகையையே கடன் வாங்கிக் கட்டி, பட்டா வந்த கையோடு நிலத்தை ஈடாக எழுதிக் கொடுத்தவர்கள் சமவெளி மாநிலங்களில் நிறையப் பேர்.

விஸ்கான்சினில் ரயில் கம்பெனிக்காக விவசாயிகள் நிலத்தை அடமானம் வைத்தது உண்மையா?

உண்மை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. 1850களில் ஊருக்கு ரயில் வந்தால் கோதுமைக்கு நல்ல விலை கிடைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், ஆனால் பங்கு வாங்கக் கையில் ரொக்கம் இல்லை. ஏஜென்ட் வந்து, ‘பணம் வேண்டாம், பண்ணையை ஈடாகக் காட்டிக் கடன் நோட்டு எழுதிக் கொடுங்கள்’ என்றார். நோட்டுக்கு வட்டி 8 சதவீதம், பங்குக்கு ஈவு 10 சதவீதம். வட்டியைக் கம்பெனியே கட்டிவிடும், மிச்சம் 2 சதவீதம் விவசாயிக்கு என்று பேச்சு. சுமார் 6,000 விவசாயிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

கம்பெனிகள் அந்த நோட்டுகளைக் கிழக்கு மாநிலக்காரர்களிடம் விற்றுக் காசாக்கின. 1857இல் நிதி நெருக்கடி வந்தது, ரயில் கம்பெனிகள் திவாலாயின. பங்குக்கு மதிப்பில்லாமல் போனது, நோட்டின் கடன் மட்டும் அப்படியே நின்றது. ஏமாற்றிய கம்பெனி ஒன்று, வசூலுக்கு வந்தவர் முன்பின் தெரியாத வேறொருவர். ‘மோசடியாக எழுதி வாங்கினார்கள்’ என்ற வாதம், விலை கொடுத்து நல்லெண்ணத்தில் நோட்டை வாங்கியவரிடம் எடுபடவில்லை. சட்டசபை 1858 முதல் நிவாரணச் சட்டங்களை அடுத்தடுத்து நிறைவேற்ற, மாநில உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. ஏற்கெனவே எழுதிய அடமானத்தின் நிபந்தனைகளை மாநிலம் பிற்பாடு மாற்றக்கூடாது என்று 1843லேயே ஓர் இல்லினாய் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நிலத்தை ஈடு வைத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். கடன் பத்திரம் கைமாறியதும் விவசாயியின் நியாயம் செல்லாமல் போனதே, அதுதான் அநியாயம்.

சொந்த நிலம் இல்லாதவர்கள் எதை ஈடு வைத்தார்கள்?

இன்னும் விளையாத பயிரை. உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலங்களில் பணப்புழக்கமே இல்லை. 1866இல் ஜார்ஜியாவும் 1867இல் மிசிசிப்பியும் கடன் கொடுத்தவருக்குப் பயிரின் மேல் உரிமை தரும் சட்டங்கள் கொண்டுவந்தன. விடுதலையான கறுப்பின வாரக்குடிகளும் ஏழை வெள்ளையரும் ஊர்க் கடையில் மாவு, பன்றிக்கறி, உரம் எல்லாம் கடனுக்கு வாங்கினார்கள். ஒரே சாமானுக்கு ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. பருத்தியே போட வேண்டும் என்பது கடைக்காரரின் கட்டளை. சோளத்தைத் தின்றுவிடலாம், பருத்தியை விற்றுத்தானே ஆக வேண்டும்? அறுவடைக் கணக்கில் பாக்கி நின்றால் அடுத்த வருடமும் அதே கடைதான். 1889இல் விவசாயிகள் கூட்டணி செயின்ட் லூயிஸில் மாற்று வழி ஒன்றை முன்வைத்தது: விளைச்சலை அரசுக் கிடங்கில் வைத்து, மதிப்பில் 80 சதவீதம் வரை 1 சதவீத வட்டிக்குக் கடன். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆடுமாடு, கருவிகளையும் ஈடு வைத்தார்களா?

வைத்தார்கள். பத்திரத்தில் குதிரையின் நிறம், வயது, பெயர்கூட எழுதிக் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) அலுவலகத்தில் பதிவார்கள். இதே பட்டியலில் அடிமை மனிதர்களும் இருந்தார்கள் என்பதை விட்டுவிடக் கூடாது. 1827இல் லூசியானாவில் தொடங்கிய தோட்ட முதலாளிகளின் வங்கி, நிலத்தோடு அடிமைகளையும் ஈடாக ஏற்றது. அதன் கடன் பத்திரங்கள் ஐரோப்பாவில் விலைபோயின.

குடும்பத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லையா?

ஓரளவு இருந்தது. கான்சாஸ் மாநிலத்தின் 1859 அரசியல் சட்டம், குடியிருக்கும் 160 ஏக்கர் பண்ணையைச் சாதாரணக் கடனுக்காக விற்கத் தடை போட்டது. அடமானம் வைப்பதென்றால் கணவன், மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட பிறகு தவணை தவறினால் அந்தத் தடை உதவாது, பண்ணை ஏலத்துக்குப் போகும்.