ரஷ்யப் பையனைக் கழற்றிவிடலாமா?

என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், எடுக்கப்பட்டு இரண்டு வருடமாகியும் ரஷ்யாவிலேயே ஆடும் பையனை உங்கள் ஃபேன்டசி அணியிலிருந்து கழற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் அவன் கேஹெச்எல் (ரஷ்யாவின் ஹாக்கி லீக்) ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று பாருங்கள். இரண்டு லீகுக்கும் இடையே வீரர் மாற்ற உடன்பாடு கிடையாது. அங்குள்ள கிளப் மனசு வைத்தால்தான் முன்னதாக வர முடியும்.

உதாரணத்துக்கு, காப்ரிசோவை என்ஹெச்எல் அணியான மினசோட்டா 2015-ல் எடுத்தது, அதுவும் ஐந்தாம் சுற்றில், 135-வது ஆளாக. ரஷ்ய கிளப்பான சிஎஸ்கேஏ மாஸ்கோவுடன் இருந்த ஒப்பந்தம் முடிந்து 2020-ல்தான் கையெழுத்திட்டார். முதல் சீசனிலேயே கால்டர் கோப்பை (சிறந்த புதுமுகத்துக்கான விருது)! மிச்கோவுக்கு இன்னொரு ரஷ்ய கிளப்பான எஸ்கேஏவுடன் ஒப்பந்தம் 2026 வரை இருந்தது, ஆனால் 2024-லேயே விட்டுவிட்டார்கள். டெமிடோவை எஸ்கேஏ பல ஆட்டங்களில் பெஞ்சிலேயே உட்கார வைத்தது. 2025 ஏப்ரலில் மாண்ட்ரியலுக்கு வந்த முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அதனால் அங்கே பாயிண்ட் (கோலும் அசிஸ்டும் சேர்ந்த கணக்கு) குறைவு என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கோல்கீப்பர் என்றால் மட்டும் கழற்றிவிடலாமா என்று நான் யோசிப்பேன்.