வாசகர் கேள்வி – பதில்: பனித்தளத்தின் ஓரமா, மேல் வரிசையா?

கேள்வி: வருகிற மே மாதம் டொரன்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். அங்கே ‘ஸ்டார்ஸ் ஆன் ஐஸ்’ ஃபிகர் ஸ்கேட்டிங் நிகழ்ச்சிக்குச் சீட்டு எடுக்கப்போகும் அவள், தளத்தை ஒட்டி உட்காரலாமா, மேலே உட்காரலாமா என்று என்னிடமே கேட்கிறாள். ஒலிம்பிக் சமயத்தில் தொலைக்காட்சியில் பார்த்ததைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கே உட்காருவது நல்லது? போட்டிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? குளிர் தாங்குமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தளத்தின் நீளவாட்டுப் பக்கத்தில், பத்துப் பதினைந்து வரிசை மேலே உட்காருங்கள் என்பதே என் யோசனை. தொலைக்காட்சியில் கேமரா ஸ்கேட்டரைத் துரத்திக்கொண்டே போவதால், அவர் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்பதும், எங்கே தொடங்கி எந்த வளைவில் திரும்பி எங்கே வந்து நின்றார் என்பதும் நமக்குத் தெரிவதே இல்லை. ஐஸ் ஹாக்கிக்காகக் கட்டப்பட்ட வட அமெரிக்க அரங்குகளில் தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. அந்த நீளத்தை ஒருவர் நாலைந்து உந்தலில் கடந்துவிடுவதைச் சற்று உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் இந்தக் கலையின் அடிப்படை குதிப்பு அல்ல, சறுக்கு என்பது புரியும். மிகக் கீழ் வரிசையில் எதிர்முனையில் நடப்பதெல்லாம் தட்டையாகத் தெரியும். விலையும் அங்கேதான் அதிகம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இரும்புத் தகடு பனியைக் கீறும் ஓசையும், குதித்து இறங்கும்போது எழும் ‘சரக்’ என்ற சத்தமும் கீழே இருப்பவர்களுக்கே முழுதாகக் கேட்கும். ஸ்கேட்டர்கள் நுழையும் திரை ஒரு முனையில் இருக்கும். அதை ஒட்டிய இருக்கைகளை மட்டும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள்.

போட்டியோடு ஒப்பிட்டால், முதலில் கண்ணில் படுவது இருட்டு. போட்டி பகல் போன்ற வெளிச்சத்தில், நடுவர்கள் முன்னிலையில் நடக்கும். இங்கே அரங்கை இருட்டாக்கி, ஆடுபவர்மீது மட்டும் ஸ்பாட்லைட்டைப் பாய்ச்சுவார்கள். காற்றில் சுழலும்போது தடுப்பும் கூரையும் கண்ணில் பட்டால்தான் எங்கே இறங்குகிறோம் என்ற கணக்குச் சரியாக அமையும் என்பதால், கண்ணைக் கூசவைக்கும் விளக்கில் குதிப்பது கடினம். அடுத்தடுத்த ஊர்களில் ஆட வேண்டியிருப்பதால் உடம்பையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே போட்டியில் ஆடவர், மகளிர் நீள நிகழ்ச்சியில் (இரண்டு சுற்றுகளில் நீண்டது) ஏழு முறை வரை குதிப்பதைப் பார்த்த உங்களுக்கு இங்கே இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். இதை ஏமாற்றம் என்று நான் நினைக்கவில்லை. 1988-இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் நான்கு சுற்றுக் குதிப்பை முதன்முதலாக அங்கீகாரத்தோடு முடித்தவர் கனடாவின் கர்ட் பிரௌனிங். அவரே பிற்காலத்தில் இந்த மேடையில் காலசைவாலும் நகைச்சுவையாலும் கூட்டத்தைக் கட்டிப்போட்டார்.

நிகழ்ச்சியைத் தொடங்கியவர் 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஸ்காட் ஹாமில்டன், ஆண்டு 1986. ‘ஐஸ் ஃபாலீஸ்’, ‘ஐஸ் கேப்பேட்ஸ்’ போன்ற பழைய குழுக்கள் பெரிய அலங்காரமும் கூட்ட நடனமுமாகப் பல பத்தாண்டுகள் சுற்றியவை. இவர் அந்த ஆடம்பரத்தைக் குறைத்து ஸ்கேட்டர்களை முன்னால் நிறுத்தினார்.

குதிப்புகளின் பெயர் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் அடையாளம் கண்டால் போதும்: ஆறு வகைக் குதிப்புகளில் ஆக்ஸல் மட்டுமே முன்னோக்கிச் சறுக்கியபடி எழுவது. இறங்குவது எல்லாவற்றிலும் பின்னோக்கித்தான் என்பதால், ஆக்ஸலில் அரைச் சுற்று கூடுகிறது. 1882-இல் இதைச் செய்துகாட்டிய நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், காலுறை, மடியில் ஒரு சால்வை போதும். மார்கழிக் கச்சேரிகளில் ஏசியைக் குறைக்கச் சொல்லும் கட்சியைச் சேர்ந்தவரானால் இரண்டு சால்வை. ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். வேகமாக வருபவரின் கண்ணை அது மறைத்துவிடும். பூவோ பொம்மையோ தளத்தில் வீசவும் வேண்டாம். தகட்டில் ஓர் இதழ் சிக்கினாலும் ஆள் விழுந்துவிடுவார்.

கேள்வி: பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிப்பது இத்தகைய நிகழ்ச்சிகளில் வழக்கமாம், போட்டியில் தடையாமே?
– ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: தடை இருந்தது, இப்போது இல்லை. 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் அமெரிக்கர் டெரி கூபிக்கா அதைச் செய்தபின், ஆபத்தானது என்று விலக்கிவைத்தார்கள். 1998-இல் நகானோ ஒலிம்பிக்கில் பிரான்சின் சூர்யா போனாலி, மதிப்பெண் குறையும் என்று தெரிந்தே கரணம் அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். 2024-இல்தான் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தடையை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் அதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஊர் ஊராகச் சுற்றும் இத்தகைய நிகழ்ச்சிகளுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஹாமில்டனின் கரணத்துக்காகவே சீட்டு வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

கேள்வி: டொரன்டோவில் கூடைப்பந்து நடக்கும் அதே அரங்கில் பனித்தளம் எப்படி வருகிறது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பருவம் முழுவதும் பனி அங்கேயேதான் இருக்கிறது. ஸ்கோஷியாபேங்க் அரங்கம் ஹாக்கிக்கும் கூடைப்பந்துக்கும் பொதுவானது. பந்தாட்ட நாளில் பனியின்மேல் வெப்பம் புகாத பலகைகளைப் பரப்பி, அதன்மேல் மரத்தளத்தை அடுக்குகிறார்கள். பனியின் கனம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். அடியில் ஓடும் குழாய்களிலுள்ள உறைகுளிர்த் திரவம் அதை உறைநிலையில் வைத்திருக்கிறது. ஆட ஆடத் தகடுகள் அதில் கீறலும் குழியும் போட்டுவிடும் என்பதால், இடைவேளையில் ஜாம்போனி என்ற வண்டி வரும்; கலிபோர்னியாவில் ஃபிராங்க் ஜாம்போனி 1949-இல் உருவாக்கியது. மேற்பரப்பைச் சீவியெடுத்து, பின்னால் வெந்நீரைப் படரவிட்டுக்கொண்டே போகும். வெந்நீர் எதற்கென்றால், அது மேல்பனியைக் கொஞ்சம் உருக்கிக் கீறல்களை நிரப்பிப் பழைய பனியோடு ஒட்டி உறையும். முதல் கேள்வி கேட்ட திருச்சி வாசகி அந்தச் சமயம் காபிக்கு எழுந்து போகாமல் இருந்தால், மங்கிய தளம் வண்டியின் பின்னால் கண்ணாடியாக மாறிக்கொண்டே வருவதையும் பார்த்துவிடலாம்.