காருக்குள்ள பாட்டு ஏன் ஒரு பக்கமா இழுக்குது? வாசகர் கேள்வி பதில்

மியான்மர்ல யாங்கோன் தாக்கேத்தால டாக்சி ஓட்டுற வாசகர்: அண்ணே, என்னோடது டொயோட்டா புரோபாக்ஸ் கார். முன் கதவு ரெண்டுலயும் புது ஸ்பீக்கர் போட்டேன், நல்ல மாலுதான். ஆனா பாட்டு மொத்தமும் என் வலது முழங்கால்கிட்டேந்தே வருது, பாடுறவங்க குரல் நடுவுல நிக்கவே மாட்டேங்குது. பேலன்ஸை இடது பக்கம் தள்ளினா உப்பு சப்பில்லாம போயிடுது. ஸ்பீக்கரை மாத்திடவா?

மாத்தாதீங்க தம்பி, தயவுசெஞ்சு இன்னொரு தடவை காசு செலவு பண்ணாதீங்க. ஸ்பீக்கர் மேல தப்பே இல்ல, நீங்க உக்காந்திருக்கற இடம்தான் காரணம். வீட்டுல பாட்டு கேக்கும்போது ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல உக்காருவோம், கார்ல அதுக்கு வழியே கிடையாது. வலது கதவு ஸ்பீக்கர் உங்க காதுலேந்து ஒரு 85 சென்டிமீட்டர்ல இருக்குன்னு வைங்க, இடது கதவு ஸ்பீக்கர் 135ல இருக்கும், நடுவுல 50 சென்டிமீட்டர் வித்தியாசம். சத்தம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும், அப்படின்னா இடது பக்க சத்தம் ஒண்ணரை மில்லிசெகண்டு லேட்டா வருது. இது ரொம்ப சின்ன நேரம்னு தோணும், ஆனா எது முதல்ல காதுக்கு வருதோ பாட்டு அங்கேந்துதான் வருதுன்னு நம்ம மூளை முடிவு பண்ணிடும், அதனாலதான் எல்லாமே முழங்கால்கிட்ட வந்து ஒட்டிக்குது.

இதுல இன்னொரு சேதாரமும் இருக்கு. ஒரே குரல் ரெண்டு ஸ்பீக்கர்லேந்தும் வருது, ஒண்ணு அரை மீட்டர் பின்தங்கி வருது, அப்ப 340 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒண்ணு மேல ஏறும்போது இன்னொண்ணு கீழ இறங்கி ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், அதே மாதிரி 1000 ஹெர்ட்ஸை ஒட்டியும் திரும்ப நடக்கும். குரலோட சதையே அந்த ஏரியாலதான் இருக்கு, அதான் பாட்டு மெலிஞ்ச மாதிரி கேக்குது. பேலன்ஸை தள்ளினா ஒரு பக்கம் சத்தம் குறையுமே தவிர லேட்டு லேட்டாவேதான் இருக்கும், அதனால அது மருந்தே இல்ல.

மருந்து என்னன்னா டைம் அலைன்மென்ட், அதாவது பக்கத்து ஸ்பீக்கர் சத்தத்தை கொஞ்சம் நிறுத்தி வச்சு லேட்டா அனுப்பி, ரெண்டும் ஒண்ணா காதுக்கு வர்ற மாதிரி பண்றது. பயனியர் கம்பெனி ஜப்பான்ல கரோஸ்ஸேரியாங்கற பேர்ல விக்கிற செட்டுல நிறைய மாடல்ல இது இருக்கு, கென்வுட், அல்பைன்லயும் பாக்கலாம், மெனு ஜப்பான் மொழில இருந்தா செட்டிங்ல சென்டிமீட்டர் கணக்கு கேக்கற பக்கத்தை தேடுங்க. சீட்டை எப்பவும் ஓட்டுற மாதிரி வச்சுட்டு, டேப் எடுத்து உங்க தலை இருக்கற இடத்துலேந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளந்து அப்படியே போடுங்க, பக்கத்துல இருக்கற ஸ்பீக்கரை எவ்ளோ நிறுத்தி வைக்கணும்னு செட்டே கணக்கு பண்ணிக்கும். மில்லிசெகண்டு கேக்கற செட்டா இருந்தா வித்தியாசத்தை 34ஆல வகுத்து வர்றதை பக்கத்து ஸ்பீக்கருக்கு போடுங்க. அப்புறம் பாட்டு வேணாம், ரேடியோல யாராவது செய்தி வாசிக்கறதை போட்டு கண்ணை மூடி கேளுங்க, குரல் டாஷ்போர்டு நடுவுல நிக்கணும். நிக்கலைன்னா ரெண்டு ரெண்டு சென்டிமீட்டரா ஏத்தி இறக்கி பாருங்க, ஒரு இடத்துல டக்குனு குரல் கூடி வந்து நிக்கும், அதுதான் உங்க இடம்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இது உங்க ஒரு சீட்டுக்கு மட்டும்தான். பக்கத்து சீட்டுக்காரருக்கு முன்ன இருந்ததை விட மோசமாதான் கேக்கும். டாக்சி ஓட்டறதால செட்டிங்கை சேமிச்சு வைக்கிற மெமரில ரெண்டு வைங்க, தனியா போகும்போது ஒண்ணு, சவாரி ஏறினா டைம் அலைன்மென்ட் எல்லாம் ஆஃப் பண்ணினது ஒண்ணு.

நாளெல்லாம் வண்டிலயே இருக்கீங்க, அதனால இதையும் சொல்லிடறேன். 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம் வரைக்கும்தான் காது தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 88ல 4 மணி நேரம்தான். குரல் தெளிவா இல்லைன்னுதான் நிறைய பேரு வால்யூமை ஏத்தறாங்க, குரலை நடுவுல நிக்க வச்சுட்டா நீங்களே கையை எடுத்து குறைச்சுடுவீங்க.

பெகு வாசகர்: ஈக்குவலைசர்ல பாஸை கடைசி வரைக்கும் ஏத்தியாச்சு, அப்பவும் தவில் அடி அடியாவே விழல, கதவு மட்டும் கடகடன்னு ஆடுது. பெரிய ஆம்ப் (ஆம்பிளிஃபையர்) வாங்கினா சரியாகுமா?

ஆகாதுங்க. முதல்ல ஏத்தினதை எல்லாம் பழையபடி சைபர்ல கொண்டு வந்து வைங்க. 3 டெசிபல் ஏத்தினா ஆம்ப் ரெண்டு மடங்கு பவர் குடுக்கணும், 6 ஏத்தினா நாலு மடங்கு, செட்டுக்குள்ள இருக்கற சின்ன ஆம்புக்கு அவ்ளோ சக்தி எங்க இருக்கு, அது திணறி கிழிஞ்ச சத்தம்தான் குடுக்கும்.

அடுத்தது வயரை பாருங்க. ஒரு ஸ்பீக்கர்ல பிளஸ் மைனஸ் மாறியிருந்தா ஒண்ணு முன்ன தள்ளும்போது இன்னொண்ணு பின்ன இழுக்கும், பாஸ் காணாமலே போயிடும். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தலையை வச்சுட்டு ஒரு பக்கத்து வயரை மட்டும் மாத்தி மாத்தி கேளுங்க, எதுல பாஸ் கெட்டியா இருக்கோ அதுதான் சரி.

வயர் சரியா இருந்தா அடுத்து கதவு. ஸ்பீக்கருக்கு முன்ன வர்ற சத்தமும் பின்ன வர்ற சத்தமும் ஒண்ணுக்கொண்ணு எதிரானது, கதவு தகட்டுல ஓட்டை ஓட்டையா இருந்தா பின் சத்தம் முன்னாடி வந்து கலந்து பாஸை தின்னுடும். பெட்டி மூடியிருந்தாதான் தவில் அடி வரும். அதனால ஸ்பீக்கரை தகட்டோட இடைவெளி இல்லாம இறுக்கி, உள்பக்க ஓட்டைகளை மூடி, வெளித் தகட்டுக்கு பியூட்டைல் ஷீட்டு, அதாவது தகடு ஆடறதை அடக்குற ரப்பர் மாதிரி ஷீட்டு ஒட்டுங்க. கூரைக்கு ஒட்டுற தார் ஷீட்டு மலிவா கிடைக்குதேன்னு வாங்காதீங்க, நம்ம ஏப்ரல் வெயில்ல இளகி வழிஞ்சு நாறும். கதவோட அடியில இருக்கற தண்ணி போற ஓட்டையை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீங்க, மழைக்காலத்துல கண்ணாடி வழியா இறங்குற தண்ணிக்கு வேற வழி கிடையாது, கதவு உள்ளேந்தே துரு புடிச்சுடும்.

இவ்ளோ பண்ணினதுக்கு அப்புறம்தான் டியூனிங். 60, 70, 80 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் போனுல கிடைக்கும், ஒண்ணொண்ணா போட்டு கேளுங்க. ஏதோ ஒண்ணு மட்டும் செத்து கிடந்து, தலையை ஒரு அடி முன்ன நகர்த்தினா திரும்ப வந்தா, அந்த இடத்துல சத்தம் கண்ணாடிலயும் தகட்டுலயும் மோதி ஒண்ணையொண்ணு அழிக்குதுன்னு அர்த்தம். அதை ஈக்குவலைசர்ல எவ்ளோ ஏத்தினாலும் நிரம்பாது, ஏத்த ஏத்த அழியறதும் சேர்ந்து ஏறும். அதை விட்டுடுங்க. தூக்கலா நிக்கிற டோனை மட்டும் குறைங்க, மத்தது எல்லாம் தானா மேல வந்த மாதிரி கேக்கும். கார் ட்யூனிங்ல நான் உறுதியா நம்புற விஷயம் இதுதான், ஏத்தறதை விட குறைக்கறதுல பலன் அதிகம்.

அப்படியும் அடி போதலைன்னா ஆம்ப் வேணாம், அடி பாஸுக்குன்னே இருக்கற ஸ்பீக்கரான சின்ன சப் ஊஃபர் வாங்குங்க, கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ்ல ஹை பாஸ் ஃபில்டர் (அதுக்கு கீழ உள்ள சத்தத்தை தடுக்கறது) வச்சு கீழ இருக்கறதை சப்புக்கு விட்டுடுங்க. மூடின சின்ன இடம்ங்கறதால 60, 70 ஹெர்ட்ஸுக்கு கீழ காரே பாஸை தூக்கி குடுக்கும், அதனால பெருசு தேவைப்படாது.

மோல்மேன் வாசகர்: பழைய வண்டில அருமையா வச்சிருந்த செட்டிங்கை எழுதி வச்சு புது வண்டில அப்படியே போட்டேன், இப்ப பாட்டு மொத்தமும் இடது பக்கம் போயிடுச்சு.

புது வண்டி ஸ்டியரிங் இடது பக்கமா? அதான் காரணம். 1970 டிசம்பர்ல நம்ம நாட்டுல ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டணும்னு மாத்தினாங்க, ஆனா அதுக்கப்புறமும் வந்து குவிஞ்சது ஜப்பான் பழைய வண்டிங்க, ஸ்டியரிங் வலது பக்கமே இருந்துச்சு, நம்ம செட்டிங் எல்லாம் அந்த சீட்டுக்கு வச்சதுதான். இப்ப பக்கத்துல இருக்கறது இடது ஸ்பீக்கர், நீங்க இன்னமும் வலதை நிறுத்தி வச்சிருக்கீங்க. வலது இடதை மாத்தி போட்டா பாதி சரியாகும், மீதிக்கு டேப் எடுத்து புதுசா அளந்துதான் ஆகணும், கதவும் கண்ணாடியும் வேற வண்டியோடது.

யாங்கோன் வாசகி: அண்ணா, நாதஸ்வரம் போட்டா காது கிழியுது, அப்பா உடனே நிறுத்த சொல்றாங்க. போன் ஆப் வச்சு அளந்து சரி பண்ணலாமா?

பண்ணலாம் தங்கச்சி. முன் கண்ணாடியும் பக்க கண்ணாடியும் மேல் சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்குது, அதுவும் 2000லேந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும் நம்ம காது ரொம்ப கூர்மை, நாதஸ்வரம் அங்கதான் பளீர்னு நிக்கும். பிங்க் நாய்ஸ்னு எல்லா ஹெர்ட்ஸும் கலந்து இரைச்சலா வர்ற டெஸ்ட் சத்தத்தை போட்டுட்டு ஆப்ல பாருங்க, போனை ஒரே இடத்துல புடிக்காம தலையை சுத்தி மெதுவா நகர்த்திகிட்டே சராசரி எடுங்க. போன் மைக் அடி பாஸை சரியா காட்டாது, அதை நம்பி பாஸை ஏத்திடாதீங்க. கோடு நேரா படுக்கணும்னு ஆசைப்படாதீங்க, கார்ல நேர் கோடு காதுக்கு கூச்சமாதான் இருக்கும், பாஸ் பக்கம் உசந்து மேல போகப் போக மெல்ல சரியணும். அந்த 2000லேந்து 4000க்குள்ள எது துருத்திகிட்டு நிக்குதோ அதை 2, 3 டெசிபல் குறைச்சு அப்பாவை உக்கார வச்சு கேக்க சொல்லுங்க, ஆப்பை விட அவங்க காது சொல்றதைத்தான் எடுத்துக்கணும்.

மண்டலே வாசகர்: ஊருக்குள்ள நல்லா கேக்குது, யாங்கோன் போற எக்ஸ்பிரஸ்வேல ஏறினா பாஸே இல்ல.

அந்த ரோடு கான்கிரீட், டயர் இரைச்சல் அதிகம், அந்த இரைச்சல் கீழ் சத்தத்தைத்தான் மூடும். நின்ன வண்டில வச்ச ட்யூனிங்கை கலைக்காம இன்னொரு மெமரில பாஸை மட்டும் 3 டெசிபல் ஏத்தி நெடுஞ்சாலைக்குன்னு வைங்க. டயர் காத்து சரியா இருக்கான்னும் பாத்துக்கோங்க. பெருமழைல கூரைச் சத்தத்தோட போட்டி போட்டு வால்யூமை ஏத்தாதீங்க, ஹாரன் காதுல விழணும்.

இன்னொரு வாசகர்: ஜப்பான் செட்டுல சில எஃப்எம் ஸ்டேஷன் வரவே இல்ல, ஆன்டெனா போச்சா?

ஆன்டெனா நல்லாதான் இருக்கும். ஜப்பான்ல எஃப்எம் 76லேந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் இருந்துச்சு, பழைய செட்டு அங்கயே நின்னுடும். 89ல இருக்கற சிட்டி எஃப்எம் வரும், 90க்கு மேல இருக்கறது வராது. ஆன்டெனா வயர்ல பேண்ட் எக்ஸ்பேண்டர்னு ஒரு சின்ன டப்பா மாட்டினா மேல இருக்கறதை கீழ இறக்கி குடுக்கும், மலிவானதுல இரைச்சல் சேரும். வேற செட்டு மாத்தற எண்ணம் இருந்தா 108 வரைக்கும் போறதா, டைம் அலைன்மென்ட் இருக்கான்னு ரெண்டையும் கேட்டு வாங்குங்க.