தென் தாய்லாந்தில் சோழர் சுவடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் தாய்லாந்தின் கிராபி, புக்கெட் போய் வந்தோம். கடற்கரை, படகு, மறுபடி கடற்கரை என்று நாட்கள் போயின. ராஜேந்திர சோழனின் படை அந்தப் பக்கம்தான் போனது என்று படித்திருக்கிறேன். வழிகாட்டியிடம் கேட்டபோது அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார். அங்கே சோழர் ஆட்சியின் சுவடுகளை எங்கே பார்க்கலாம்? அதற்காக மறுபடி போவது தகுமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

மறுபடி போங்கள். ஆனால் சோழர் ஆட்சியைத் தேடிப் போகாதீர்கள், வெறுங்கையோடு திரும்புவீர்கள். 1025-ஐ ஒட்டி நடந்தது கடல்வழித் தாக்குதல். கல்வெட்டுகளில் ராஜேந்திரனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களில் தலைத்தக்கோலம், புக்கெட்டுக்கு வடக்கே உள்ள இன்றைய தக்குவாபா என்றும், மாதமாலிங்கம் நக்கோன் சி தம்மராத் வட்டாரத்தில் இருந்த தாம்பரலிங்க அரசு என்றும் ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். இந்தக் கரையில் சோழர் உட்கார்ந்து ஆண்டதற்குத் தெளிவான சான்று இல்லை. வழிகாட்டியைக் குறை சொல்ல முடியாது.

அரசர் விட்டுப் போகாததை வணிகர் விட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் தங்கிய கிராபி மாகாணத்திலேயே குலோங் தொம் என்ற ஊரில், பௌத்தக் கோயிலை ஒட்டிய சிறு அருங்காட்சியகத்தில், ஒரு பொற்கொல்லரின் உரைகல் இருக்கிறது. கையகலக் கல். அதில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது. எழுத்தமைதியை வைத்து கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். தன் கல்லை வேறொருவன் எடுத்துவிடக் கூடாதே என்று பெயர் எழுதி வைத்த மனிதன்! எனக்கு எந்த மெய்க்கீர்த்தியை விடவும் இவனைப் பிடிக்கும்.

தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் ஒரு குளத்தைப் பற்றியதுதான். நாங்கூர் உடையான் தோண்டிய குளம், பெயர் அவனிநாரணம், மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவுக்கும் சேனாமுகத்தார் என்ற படைக்குழுவுக்கும் அடைக்கலம். அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். காவிரிக் கழிமுகத்து நாங்கூர்க்காரர் என்று கொள்ளத்தக்க ஒருவர் கடல் தாண்டிப் போய்க் குளம் வெட்டி, அதை வணிகக் குழுவின் காவலில் விட்டிருக்கிறார். படையெடுப்புக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே.

போர்க்கதைதான் வேண்டும் என்றால் எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. தாம்பரலிங்கத்து மன்னன் சந்திரபானு 1247-இல் இலங்கை மீது படையெடுத்தான். இரண்டாம் முறை வந்தபோது தமிழ் வீரர்களையும் சேர்த்துக்கொண்டான் என்கிறது இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம். கடைசியில் அவன் கதையை முடித்தவர்கள் பாண்டியர்கள். நாம் மட்டுமே கப்பல் ஏறியவர்கள் என்ற நினைப்பு வேண்டாம்.

நீங்கள் போகவேண்டிய ஊர் நக்கோன் சி தம்மராத். அங்கே மகாதாது கோயிலின் தூபி இலங்கைப் பாணியில் மணி கவிழ்ந்த வடிவில், பொன் வேய்ந்த உச்சியோடு நிற்கிறது. மாக பூஜை என்ற பௌத்தப் பௌர்ணமித் திருநாளன்று நீண்ட துணியை ஊர் கூடிச் சுமந்து வந்து அதைச் சுற்றிக் கட்டுவார்கள். தூபியின் படிக்கட்டைக் காக்கும் சாதுகாம், ராமதேப் என்ற இரு தெய்வங்களில் முன்னவர் கதிர்காமத் தெய்வமே என்று கருதுவோர் உண்டு. 2006-07-இல் இவ்விருவர் பெயரில் வந்த வட்டத் தாயத்துகளுக்கு நாடே பித்துப் பிடித்து அலைந்தது. அப்புறம் விலை சரிந்தது, பக்தியும் வடிந்தது. பெருவீதியில் ஈசுவரனுக்கும் நாராயணனுக்கும் எதிரெதிரே சிறு கோயில்கள் இருக்கின்றன. ஈசுவரன் கோயில் அருகே ஊஞ்சல் கம்பமும் உண்டு. தாய்லாந்து அரண்மனைப் பிராமணர் பலரின் பூர்வீகம் இந்த ஊர்தான். அவர்களுடைய மார்கழி–தைச் சடங்கில் திருவெம்பாவை, நம் காதுக்குப் பிடிபடாத உச்சரிப்பில், இன்னும் ஓதப்படுகிறது.

எப்போது போவது? தாய்லாந்துச் சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத் தேய்பிறையில். பெரும்பாலும் நம் மஹாளய பட்சத்தோடு ஒத்துப்போகும். நரகத்திலிருந்து மூதாதையருக்கு அந்தப் பதினைந்து நாள் விடுமுறை என்பது நம்பிக்கை. அவர்களுக்காகவே செய்யும் பலகாரம் ‘கனோம் லா’. அரிசிமாவையும் சர்க்கரையையும் கரைத்து, அடியில் நுண்துளைகள் இட்ட சிரட்டையில் ஊற்றி, எண்ணெய் தடவிய சூடான சட்டியின் மேல் கையை வேகமாகச் சுழற்றுவார்கள். நூல் நூலாக விழுந்து, கொசுவலைத் துண்டு போல ஒரு மெல்லிய தகடு உருவாகும். உடனே மடித்து எடுத்துவிட வேண்டும். பிரேதங்களின், அதாவது பசியோடு அலையும் ஆவிகளின், வாய் ஊசித்துளை அளவுதான், அதனால்தான் இவ்வளவு மெலிதாகச் செய்கிறோம் என்பார்கள். முன்னோருக்கு ஆடை என்பதும் அதுவே. கூடவே காசு வடிவில் ஒன்று, அணிகலன் வடிவில் ஒன்று, ஓடமாக ஒன்று, விளையாட்டுக் காயாக ஒன்று. போனவர்களுக்கு விளையாட்டும் வேண்டும் என்று எண்ணிய சமூகம் அது. நமக்கு எள்ளும் தண்ணீரும் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ!

கோயில் முற்றத்தில் எல்லாவற்றையும் பரப்பி, பிக்குகள் ஓதி முடித்ததும் ‘சிங் ப்ரெத்’ தொடங்கும். பிரேதங்களுக்குப் படைத்ததை ஊரார் பாய்ந்து பறிப்பார்கள். கிடைத்ததைத் தின்றால் நல்லது என்று நம்பிக்கை. குழந்தைகளைக் கூட்டிப் போங்கள், ஆனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாங்காக்கிலிருந்து இரவு ரயில் உண்டு. பண்டிகை நேரத்தில் போவதாக இருந்தால் டிக்கெட்டையும் விடுதியையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தென்தாய்லாந்துச் சமையலில் காரம் நம் ஊரையும் மிஞ்சும். ‘கேங் தை ப்லா’ என்ற மீன்குடல் குழம்பை முதல் நாளே தொட வேண்டாம்.